வைக்கோலுக்குத் துணை மரத்தழை: செம்மறி வளர்ப்போரின் கேள்விகளும் பதில்களும்

வைக்கோலையும் தட்டையையும் நம்பிச் செம்மறி வளர்ப்பவர்கள் கேட்டவை இவை. ஒரே மாதிரி இருந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

ஐயா, வைக்கோலை வேளை தவறாமல் போடுகிறேன். தொட்டியில் மிச்சமே கிடக்கிறது. ஆனால் ஆடுகள் முதுகெலும்பு தெரிய இளைத்துப்போகின்றன. ஏன்?

மிச்சம் கிடக்கிறது என்கிறீர்களே, பதில் அதிலேயே இருக்கிறது. வைக்கோலில் புரதம் 3 முதல் 5 சதவீதம்தான். ஆட்டின் பெருவயிற்றில் நாரை உடைத்துத் தருபவை நுண்ணுயிரிகள். அவை பெருக வேண்டுமானால் மொத்தத் தீவனத்தில் 7, 8 சதவீதமாவது புரதம் இருக்க வேண்டும். அது இல்லாதபோது நார் உடையாமல் உள்ளேயே தங்கும், வயிற்றில் இடம் காலியாகாது, ஆடும் அடுத்த வாய் எடுக்காது. வயிறு நிறைந்தபடியே பட்டினி.

மரத்தழையை ஆட்டுக்குப் போடுகிறோம் என்று நினைக்காமல், அந்த நுண்ணுயிரிகளுக்குப் போடுகிறோம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். வைக்கோல் விறகு என்றால் தழை அதைப் பற்றவைக்கும் சிராய். கீழே உள்ள பதில்களில் பாதி இதிலிருந்து வருவதுதான்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. காலையில் புதுப் புழுக்கை ஒன்றை எடுத்து விரலால் நசுக்குங்கள். வெறும் வைக்கோல் தின்ற ஆட்டின் புழுக்கை கெட்டியாக, வறண்டு இருக்கும். உள்ளே நீளநீளமாக நார்த் துண்டுகள் கண்ணுக்கே தெரியும். தழை சேர்த்துச் சில வாரம் போன பிறகு பாருங்கள், நார் பொடிந்து புழுக்கை கொஞ்சம் ஈரப்பதமாக மாறியிருக்கும். தராசு இல்லாதவர்களுக்கு இதுவே போதும்.

ஓர் ஆட்டுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தழை? கணக்காகச் சொல்லுங்கள்.

30 கிலோ எடையுள்ள செம்மறியை எடுத்துக்கொள்வோம். ஈரத்தைக் கழித்துப் பார்த்தால் எடையில் சுமார் 3 சதவீதம், அதாவது 900 கிராம் உலர்தீவனம் தேவை. அவ்வளவும் வைக்கோல் என்றால் கிடைக்கும் புரதம் 36 கிராம், 4 சதவீதம். வெறும் வைக்கோலில் 900 கிராமைத் தின்று முடிப்பதே சந்தேகம் என்பது வேறு. அதில் 250 கிராமை எடுத்துவிட்டு, 22 சதவீதம் புரதமுள்ள தழையை வையுங்கள். வைக்கோலிலிருந்து 26, தழையிலிருந்து 55, ஆக 81 கிராம். 9 சதவீதம் வந்துவிட்டது.

பச்சைத் தழையில் முக்கால் பங்கு தண்ணீர். ஆகவே அந்த 250 கிராமுக்குப் பச்சையாக ஒரு கிலோ வெட்ட வேண்டும். குச்சி, தண்டைக் கழித்து, தின்னும் பகுதி மட்டும் ஒரு கிலோ. இதை அன்றாடம், முடிந்தால் இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். வாரத்தில் ஒருநாள் கட்டுக்கட்டாகப் போட்டுவிட்டு மற்ற நாள் சும்மா விட்டால் நுண்ணுயிரிகளுக்குப் பலனில்லை.

அப்படியானால் வைக்கோலை நிறுத்திவிட்டு முழுக்கத் தழையே போடலாமே?

வேண்டாம். தேவைக்கு மேல் போகும் புரதம் வயிற்றில் அம்மோனியாவாகி, கல்லீரல் வழியாகச் சிறுநீரில் போய்விடும். ஒவ்வொரு மரத்திலும் ஏதாவது ஒரு வேண்டாத பொருள் உண்டு, அளவு கூடினால்தான் அது வேலையைக் காட்டும். உலர் எடையில் கால் பங்கிலிருந்து 30 சதவீதம் வரை நிறுத்திக்கொள்ளுங்கள்.

சூபாபுல் (சவுண்டல்) தழை கொடுத்த ஆடுகளுக்கு முடி கொத்துக்கொத்தாக உதிர்கிறது. நோயா, தழையா?

பெரும்பாலும் தழைதான். சூபாபுலில் மைமோசின் என்ற பொருள் இருக்கிறது. கொழுந்திலும் விதையிலும் அதிகம். முடி வேரில் செல்கள் பிரிவதை அது நிறுத்திவிடும். ஆஸ்திரேலியாவில் கத்தரி இல்லாமல் கம்பளியை உதிர்க்க இதையே கொடுத்துச் சோதித்திருக்கிறார்கள் என்றால் அதன் வேகத்தைப் புரிந்துகொள்ளலாம். வயிற்றில் மைமோசின் உடைந்து இன்னொரு பொருளாகும். அது தைராய்டைத் தாக்கும்: கழுத்து வீக்கம், எச்சில் ஒழுகுதல், தீவனத்தில் நாட்டமின்மை.

சில ஊர் ஆடுகளுக்கு மட்டும் ஒன்றும் ஆகாதது ஏன் என்று தேடியவர் ஆஸ்திரேலிய ஆய்வாளர் ரேமண்ட் ஜோன்ஸ். ஹவாய்த் தீவு ஆடுகளின் வயிற்றில் இந்த நஞ்சை உடைக்கும் பாக்டீரியா இருப்பது அவருடைய ஆய்வில் தெரியவந்தது. 1992-இல் அதற்கு அவர் பெயரையே வைத்து சினெர்ஜிஸ்டஸ் ஜோன்ஸி என்றார்கள். உங்கள் மந்தையில் அது இருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் இல்லை என்று வைத்துக்கொண்டே நடப்பது நல்லது. இப்போதைக்கு சூபாபுலை நிறுத்துங்கள், முடி திரும்ப முளைக்கும். அப்புறம் கொஞ்சத்தில் தொடங்கி இரண்டு வாரத்தில் மெதுவாக ஏற்றுங்கள். கிளைரிசிடியா, அகத்தி, மல்பெரி என்று வேறு தழையோடு கலந்து போடுவது இன்னும் பாதுகாப்பு. சினை ஆடுகளுக்குச் சூபாபுலை முக்கியத் தழையாக வைக்காதீர்கள். முடி உதிர்ந்த இடத்தில் சொறியோ புண்ணோ இருந்தால் கதை வேறு, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

அண்ணா, கிளைரிசிடியாவை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கின்றன. மேலுதட்டால் தள்ளிவிட்டு அடியில் இருக்கும் வைக்கோலைத் தேடுகின்றன!

வாடைதான் காரணம், தழையில் குறையில்லை. வெட்டியதும் போடாமல் பாதி நாளோ ஒரு நாளோ நிழலில் வாடவிடுங்கள், வாடை குறையும். காலையில் பசியோடு இருக்கும்போது, வைக்கோலுக்கு முன்னால் ஒரு கைப்பிடி வையுங்கள். ஏற்கெனவே தின்னப் பழகிய ஆடு ஒன்று கிடைத்தால் அதைப் பக்கத்தில் கட்டுங்கள், பார்த்துப் பழகும். ஒன்றிரண்டு வாரம் பொறுமை வேண்டும். இரண்டாம் நாளே "ஆடு தின்னாது" என்று மரத்தை வெட்டிப்போட்டவர்கள் நிறையப் பேர்.

வெள்ளாடு கருவேலந்தழையையும் ஆலிலையையும் ஒரு கை பார்க்கிறது. செம்மறி மட்டும் ஏன் இவ்வளவு நொரநாட்டியம்?

வெள்ளாடு தழை கடிக்கப் பிறந்தது, செம்மறி புல் மேயப் பிறந்தது. துவர்ப்புக்குக் காரணமான டானினைச் சமாளிப்பதில் வெள்ளாட்டுக்குத்தான் சாமர்த்தியம் அதிகம். டானின் எதிரியும் அல்ல. உலர் எடையில் 2 முதல் 4 சதவீதம் இருந்தால் புரதத்தைப் பெருவயிற்றில் வீணாகாமல் காத்துக் குடலுக்கு அனுப்பும், வயிற்றுப் புழுக்களையும் ஓரளவு அடக்கும். 5, 6 சதவீதத்தைத் தாண்டினால் புரதத்தை இறுகப் பிடித்துக்கொண்டு விடாது, ஆடும் தீவனத்தைக் குறைத்துவிடும். இலையை நீங்களே மென்று பாருங்கள் (விஷமில்லாத மரம் என்று தெரிந்தால் மட்டும்!). நாக்கு வறண்டு இழுத்தால் அந்தத் தழையைச் சும்மா தொட்டுக்கொள்ளத்தான் வைக்க வேண்டும். ஆல், அரசு இலைகளில் புரதமும் குறைவு. வயிறு நிரப்ப உதவும், வைக்கோலைத் தூக்கிவிடாது.

வேப்பந்தழை?

கொஞ்சம் தின்னும், தின்னட்டும். அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

யூரியா போட்டுப் பதப்படுத்திய வைக்கோல் கொடுக்கிறேன். அதற்கு மேலும் தழை வேண்டுமா சார்?

100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 50 லிட்டர் தண்ணீர், காற்றுப் புகாமல் மூன்று வாரம் என்று செய்திருந்தால், நுண்ணுயிரிகள் புரதம் ஆக்கத் தேவையான நைட்ரஜனின் குறை பெரிதும் தீர்ந்தது, நாரும் இளகியிருக்கும். தழையைப் பாதியாகக் குறைக்கலாம், அடியோடு நிறுத்த வேண்டாம். வைட்டமின் ஏ-வுக்கு மூலமான கரோட்டின் வைக்கோலில் இல்லாததற்குச் சமம். பச்சைத் தழைதான் அதைத் தரும். பிரித்த வைக்கோலை நெடி போகும்வரை ஆறவிடுங்கள். இளங்குட்டிகளுக்கு இது கூடாது. தீவனத்தில் யூரியாவைக் கண்ணளவில் தூவும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள், அளவு மீறினால் மருத்துவர் வருவதற்குள் ஆடு போய்விடும்.

இரட்டைக் குட்டி போடும் ஆடுகள். கடைசி மாதத்தில் தழையைக் கூட்டினால் போதுமா?

போதாது. கருவின் வளர்ச்சியில் பெரும்பகுதி கடைசி ஆறு வாரத்தில் நடக்கிறது. அதே நேரத்தில் குட்டிகள் பெருவயிற்றை நெருக்குவதால் வைக்கோலுக்கு இடமும் குறைகிறது. அங்கே குறைவது புரதத்தைவிட எரிசக்தி. வைக்கோலைக் குறைத்து, நல்ல தழையோடு 200, 300 கிராம் தானியம் சேர்ந்த அடர்தீவனம் கொடுங்கள். ஆடு மந்தையிலிருந்து ஒதுங்கித் தலையைத் தொங்கப்போட்டு நின்றால் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

மாட்டுக்கு வாங்கிய தாது உப்புக் கலவையையே செம்மறிக்கும் போடலாமா?

கூடாது. அதில் தாமிரம் அதிகமாக இருக்கலாம். செம்மறியின் கல்லீரலில் அது சேர்ந்துகொண்டே வந்து, ஒருநாள் திடீரென்று சாய்த்துவிடும். செம்மறிக்கென்றே உள்ளதை வாங்குங்கள்.

தழை அதிகம் கிடைக்கும் காலத்தில் காயவைத்துச் சேமிக்க முடியுமா?

தாராளமாக. நிழலில், மெல்லிதாகப் பரப்பி, அடிக்கடி புரட்டிவிடுங்கள். சூபாபுல், கிளைரிசிடியா இலைகள் காய்ந்ததும் காம்பிலிருந்து உதிர்ந்துவிடும், அதனால் தார்ப்பாயின்மேல் காயவைத்தால் பொடிகூட வீணாகாது. கையில் எடுத்தால் சலசலவென்று நொறுங்க வேண்டும், நிறம் பச்சையாகவே இருக்க வேண்டும். ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூசணம் பிடிக்கும்; அதை ஆட்டுக்குப் போடாமல் எருக்குழிக்கு அனுப்புங்கள். காய்ந்த தழையில் 250 முதல் 300 கிராம், ஒரு கிலோ பச்சைத் தழைக்குச் சமம். வைக்கோலை நறுக்கி, லேசாகத் தண்ணீர் தெளித்து, அதன்மேல் தூவிக் கலந்தால் ஆடு பொறுக்கித் தின்ன முடியாது.