சிரக்கூசில் தோட்டா தீர்ந்துபோனால்

உங்கள் காலப்பயணக் கதையின் நாயகன் ஏகே-47ஓடு ஆர்க்கிமிடீசின் ஊரான சிரக்கூசில், அதாவது சிசிலித் தீவின் பழைய கிரேக்க நகரத்தில் இறங்குகிறான், தோட்டா தீர்ந்ததும் கதை நகரவில்லை என்கிறீர்கள். தோட்டாவை அங்கே செய்ய வைக்காதீர்கள், எடுபடாது. தோட்டாவின் கூட்டையும் ஈயத்தையும் எப்படியாவது சமாளிக்கலாம்; பொறி கிளப்பும் அந்தச் சின்ன மூடிக்கும் புகையில்லா வெடிமருந்துக்கும் நைட்ரிக் அமிலம் வேண்டும். அதற்கு எங்கே போவான்?

பேசாமல் பழங்காலக் கறுப்பு வெடிமருந்தான கருமருந்துக்கு வாருங்கள்: 75 பங்கு வெடியுப்பு (பொட்டாசியம் நைட்ரேட்), 15 கரி, 10 கந்தகம். கந்தகம் சிசிலி மண்ணிலேயே கிடைக்கிறது. வெண்கல வார்ப்பு கிரேக்கர்களுக்குக் கைவந்த கலை, அதனால் பீரங்கிக் குழாயும் நம்பும்படி இருக்கும். இழுத்தடிப்பது வெடியுப்புதான். சாணம், மூத்திரம், சாம்பல் எல்லாம் குவித்து, மாதக்கணக்கில் மக்கவிட்டு, கரைத்து வடிகட்டிக் காய்ச்ச வேண்டும். ஊரே நாறும். (அந்த நாற்றத்தை வைத்தே ஒரு அத்தியாயம் எழுதலாம்.)

ஆகவே ரோமானியத் தளபதி மார்செல்லசின் படை முற்றுகையிட்ட பிறகு அவனை அனுப்பிப் பயனில்லை, நகரம் கி.மு. 212இல் விழுந்துவிட்டது. கி.மு. 215இல் இறந்த சிரக்கூஸ் மன்னன் இரண்டாம் ஹியரோன் உயிரோடிருக்கும்போதே அனுப்புங்கள். ஆனால் அவர் ரோமின் பழைய கூட்டாளி. நாளைய எதிரி ரோம்தான் என்று அவரை நம்பவைப்பது, பீரங்கி வார்ப்பதைவிடப் பெரிய பாடு.