ஊடகம் பற்றிய ஆவணப்படத்துக்குப் போகுமுன்

கேள்வி: ஆவணப்பட விழா ஒன்றுக்கு முதன்முறையாகப் போகிறேன். சுயாதீன ஊடகவியலாளர்களைப் பற்றிய ஒரு படமும், முடிந்ததும் இயக்குநருடன் கலந்துரையாடலும் இருக்கிறது. விழா பாஸ் வாங்கிவிட்டேன். என்ன தெரிந்துகொண்டு போவது நல்லது? கலந்துரையாடலில் உருப்படியாக என்ன கேட்கலாம்? பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளையும் அழைத்துப் போகலாமா?

பதில்: பாஸ் கையில் இருந்தால் இருக்கை உறுதி என்று நினைத்துவிடாதீர்கள். பல விழாக்களில் பாஸ் வைத்திருப்பவரும் ஒவ்வொரு காட்சிக்கும் தனியே முன்பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்தும் கடைசி நேரம் வரை வராவிட்டால் அந்த இடத்தை வெளியே வரிசையில் நிற்பவருக்குக் கொடுத்துவிடுவார்கள். இயக்குநர் நேரில் வரும் காட்சிகளுக்குக் கூட்டம் அதிகம், அரை மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். நடைமுறையில் தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான்.

போகுமுன் இரண்டு விஷயங்களை மட்டும் தேடிப் படியுங்கள். முதலாவது, படத்தில் வரும் ஊடகத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? அரசு விளம்பரமோ பெருநிறுவன விளம்பரமோ இல்லையென்றால் சந்தா, வாசகர் நன்கொடை, அறக்கட்டளை மானியம் என்று ஏதோ ஒன்றுதான் அதைத் தாங்கும். ஒவ்வொன்றுக்கும் அதற்கேயுரிய பிடி உண்டு. மானியத்துக்குக் காலக்கெடு இருக்கும், கெடு முடிந்தால் செய்தியாளரின் சம்பளம் கேள்விக்குறிதான். மிரட்டல், வழக்கு, கைது எல்லாம் திரையில் நன்றாக எடுபடும். மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கும் காட்சி படத்தொகுப்பு மேசையிலேயே போய்விடும். அதனால் இதை நாமே தெரிந்துகொண்டு போவது நல்லது.

இரண்டாவது, படப்பிடிப்பு எப்போது முடிந்தது? பிலிப்பைன்ஸின் ராப்ளர் செய்தித் தளத்தையும் அதன் தலைவர் மரியா ரெஸ்ஸாவையும் பற்றிய 'எ தௌசண்ட் கட்ஸ்' 2020 ஜனவரியில் சன்டான்ஸ் விழாவில் திரையிடப்பட்டது. அதே ஆண்டு ஜூனில் இணைய அவதூறு வழக்கில் அவர் குற்றவாளி என்று மணிலா நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021-இல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. 2023-இல் வரி ஏய்ப்பு வழக்குகளிலிருந்து விடுவிக்கப்பட்டார். சன்டான்ஸில் படம் பார்த்தவர்களுக்கு இதில் எதுவும் தெரிந்திருக்க வழியில்லை. படம் ஒரு தேதியில் நின்றுவிடுகிறது, அதில் வரும் மனிதர்கள் மீதான வழக்குகள் நிற்பதில்லை.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. செய்தியாளர்களைப் பற்றிய ஆவணப்படமும் ஒரு செய்தி அறிக்கைதான். செய்தியைப் படிக்கும்போது கேட்கும் கேள்விகளைப் படத்திடமும் கேளுங்கள். ருமேனியப் படமான 'கலெக்டிவ்' நல்ல உதாரணம். 2015 அக்டோபர் 30 அன்று புக்கரெஸ்ட் நகரின் இரவு விடுதி ஒன்றில் தீப்பிடித்தது. அதில் உயிர் தப்பிய பலர் மருத்துவமனைகளில் தொற்றால் இறந்தார்கள். கிருமிநாசினியில் தண்ணீர் கலந்து விற்றிருந்ததை அம்பலப்படுத்தியது ஒரு விளையாட்டு நாளிதழ். முதல் பாதியில் நிருபர்களோடு ஓடும் கேமரா, பிறகு புதிதாகப் பொறுப்பேற்ற சுகாதார அமைச்சரின் அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. மூடிய கதவுக்குப் பின்னால் நடக்கும் பேச்சுகளை நாம் உள்ளேயிருந்து கேட்கிறோம். அசாத்தியமான படம். ஆனாலும் பார்க்கும்போதே நமக்குள் எழ வேண்டிய கேள்வி: அந்தக் கதவைத் திறந்துவிட்டது யார், எதை நம்பி?

படத்தில் இருப்பவர்களே மறுத்துப் பேசியதும் உண்டு. உத்தரப் பிரதேசத்தின் சித்ரகூட்டில் 2002-இல் தொடங்கி, பெண்களே நடத்தும் 'கபர் லஹரியா' என்ற செய்தி ஊடகத்தைப் பற்றி எடுக்கப்பட்ட 'ரைட்டிங் வித் ஃபயர்' 2022-இல் ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. விருது விழாவுக்குச் சில நாள் முன்பு அந்த ஊடகமே ஓர் அறிக்கை வெளியிட்டது. தாங்கள் ஒரே ஒரு கட்சியைப் பற்றித்தான் எழுதுகிறோம் என்பது போன்ற தோற்றத்தைப் படம் தருகிறது, அது சரியான சித்திரம் இல்லை என்பது அவர்களின் குறை. எவ்வளவு அக்கறையோடு எடுத்தாலும், பல ஆண்டு உழைப்பை ஒன்றரை மணி நேரத்தில் அடக்கும்போது ஏதோ ஒன்று பெரிதாகிவிடும், வேறொன்று விடுபட்டுப்போகும். எது விடுபட்டது என்பது உள்ளே இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

ஆகவே கலந்துரையாடலில் கேட்க இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியவில்லை: "படத்தில் இருப்பவர்கள் இறுதி வடிவத்தை எப்போது பார்த்தார்கள், என்ன சொன்னார்கள்?" அடுத்து, "படப்பிடிப்புக்குப் பிறகு அவர்கள் நிலைமை எப்படி இருக்கிறது?" படத்துக்கு நிதி தந்தவர்கள் யார் என்பது பெரும்பாலும் கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலிலேயே இருக்கும், விளக்குப் போட்டதும் எழுந்துவிடாமல் அதைப் படித்துவிடுங்கள். படத்தில் வரும் செய்தியாளரே அரங்குக்கு வந்திருந்தால் இயக்குநரை விட்டுவிட்டு அவரிடம் கேளுங்கள். நெறியாளர் நாலைந்து கேள்விக்குத்தான் நேரம் தருவார். மைக் கைக்கு வந்ததும் படத்தைப் பாராட்டிப் பேசத் தொடங்கினால் மற்றவர்களின் நேரம் போய்விடும். ஒரே மூச்சில் முடியும் கேள்வியாகத் தாளில் எழுதி வைத்துக்கொள்வது உத்தமம்.

கைப்பேசி விஷயத்தில் தயவுசெய்து கண்டிப்பாக இருங்கள். திரையைப் படம் பிடிப்பது எந்த விழாவிலும் கூடாது. இந்த மாதிரிப் படங்களில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. தகவல் தந்தவர், சாட்சி, தலைமறைவாக இருக்கும் நிருபர் யாராவது பார்வையாளர் நடுவே உட்கார்ந்திருக்கலாம். ஆசையாக எடுத்த ஒரு செல்ஃபியின் பின்னணியில் அவர் முகம் விழுந்து, அது சமூக ஊடகத்துக்குப் போய்விட்டால் திரும்ப எடுக்க முடியாது. மேடையில் இருப்பவரையும் கேட்காமல் எடுக்காதீர்கள்.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். பல நாடுகளில் விழாப் படங்களுக்குத் தணிக்கையிலிருந்து விலக்கு உண்டு, பதிலுக்கு வயது வரம்பு வைப்பார்கள். சில விழாக்களில் பதினெட்டு நிறையாதவருக்கு அனுமதியே இல்லை. அதனால் முதலில் விழா அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். அனுமதி உண்டென்றால், படத்தில் உண்மையான வன்முறைக் காட்சிகள் இருக்கின்றனவா என்றும் விசாரியுங்கள். மேலே சொன்ன 'கலெக்டிவ்' படத்திலேயே விடுதி தீப்பிடிக்கும் கைப்பேசிப் பதிவு அப்படியே வருகிறது, பெரியவர்களுக்கே அதைப் பார்ப்பது கடினம். அப்படி ஏதும் இல்லையென்றால் தயங்காமல் அழைத்துப் போங்கள், வழியோர இருக்கையாகப் பார்த்து உட்காருங்கள். நடுவில் அவளுக்கு வெளியே போக வேண்டுமென்று தோன்றினால் போகலாம் என்பதை முன்பே சொல்லி வையுங்கள்.