எம்.எஸ். நோய்க்கு 30 சதவீதச் சான்று: விருப்ப ஓய்வு எழுதிக் கொடுக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: அரசு அலுவலகத்தில் 11 ஆண்டுகளாக உதவியாளராக இருக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் எனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்., மூளை, தண்டுவட நரம்புகளைப் பாதிக்கும் நோய்) என்று தெரிந்தது. மாடி ஏற முடியவில்லை. மதியத்துக்கு மேல் உடல் ஓய்ந்துவிடுகிறது. மாற்றுத்திறனாளி சான்றில் குறைபாடு 30 சதவீதம்தான் என்று போட்டிருக்கிறார்கள். "40 இல்லை, அதனால் சலுகை இல்லை, விருப்ப ஓய்வு எழுதிக் கொடுங்கள்" என்கிறார் மேலதிகாரி. என்ன செய்வது?

பதில்: எழுதிக் கொடுக்காதீர்கள். 40 சதவீதம் என்பது இடஒதுக்கீடு போன்றவற்றுக்கான அளவு. நீங்கள் கேட்பது இருக்கும் வேலையைக் காப்பாற்ற. அதற்குப் பிரிவு வேறு.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் அட்டவணையிலேயே உங்கள் நோயின் பெயர் இருக்கிறது. பிரிவு 20(4)-இன்படி, பணிக்காலத்தில் குறைபாடு ஏற்பட்ட அரசு ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. அந்த வேலை முடியாவிட்டால் அதே ஊதிய விகிதத்தில் வேறு பணியிடம். அதுவும் இல்லையென்றால் மிகைப் பணியிடம், அதாவது உங்களுக்காகக் கூடுதலாக உருவாக்கும் இடம். இதில் சதவீதப் பேச்சே இல்லை. விகாஷ் குமார் வழக்கில் (2021) உச்ச நீதிமன்றமும், நியாயமான வசதி (குறைபாட்டுக்கு ஏற்பச் செய்து தரும் மாற்றங்கள்) பெற 40 சதவீதம் நிபந்தனை அல்ல என்றது. விகாஷ் குமாருக்கு இருந்ததும் நரம்பு சார்ந்த நாள்பட்ட பாதிப்புதான்.

வழக்கமாகக் காரியம் கெடுவது மருத்துவர் கடிதத்தில். "இலகு பணி தேவை" என்று இருந்தால், "அப்படிப் பணியிடமே இல்லை" என்று ஒரே வரியில் கோப்பை மூடிவிடுவார்கள். எந்த வேலை முடியும், எதற்கு என்ன மாற்றம் வேண்டும் என்று நரம்பியல் மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். மனுவிலும் அப்படியே கேளுங்கள்: "தரைத்தளத்தில் இருக்கை, கணக்குச் சரிபார்ப்பு காலையில், மதியம் 20 நிமிட ஓய்வு, உடல் சூடேறினால் அறிகுறி கூடுவதால் குளிர்சாதன அறை." நியாயமான வசதி பற்றிய பிரிவு 20(2), வேலைப் பாதுகாப்பு பற்றிய 20(4) இரண்டையும் குறிப்பிட்டு, தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். வாய்மொழியாகக் கேட்டதற்குச் சாட்சி கிடையாது.

பதில் வராவிட்டால் அலுவலகக் குறைதீர் அலுவலரிடம் புகார். பதிவான இரண்டு வாரத்தில் விசாரிக்க வேண்டும் என்கிறது பிரிவு 23. அடுத்து மாற்றுத்திறனாளிகளுக்கான மாவட்ட அளவிலான குழு, மாநில ஆணையர். ஆணையர் தருவது பரிந்துரைதான். எடுத்த நடவடிக்கையை மூன்று மாதத்துக்குள் துறை தெரிவிக்க வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை (ரிட்) மனு.

தனியார் நிறுவன ஊழியர்களுக்கு: பிரிவு 20 உங்களுக்குப் பொருந்தாது. பிரிவு 21-இன்படி நிறுவனம் வெளியிட வேண்டிய சமவாய்ப்புக் கொள்கையின் நகலைக் கேட்டு வாங்கி, அதை வைத்து மனுப் போடுங்கள்.