மாப்பிள்ளை எத்தனை பேப்பர் எழுதியிருக்கார்? (வாசகர் கேள்வி-பதில்)

கேள்வி: சார், பொண்ணுக்கு வரன் பார்த்துட்டு இருக்கோம். ஒரு பையன் ஜாதகம் பொருந்தி வந்திருக்கு. பெங்களூர்லயே வேலை, மெட்டீரியல் சயின்ஸ்ல பிஎச்டி, வயசு 32. என் தம்பி பையன், ஆராய்ச்சிக் கட்டுரை (பேப்பர்) தேடுற கூகுள் ஸ்காலர்ல அவர் பேரைப் போட்டுப் பார்த்தான். சிமெண்ட் பத்தி பேப்பர் இருக்கு, இறால் வளர்ப்பு பத்தி இருக்கு, சர்க்கரை நோய், பாங்க் வாராக்கடன், குறுந்தொகையில வர்ற பூக்கள்னு போயிட்டே இருக்கு, இறால் பேப்பர் 1989ல வந்ததாம். வீட்டுக்காரர் இது ஏதோ ஃப்ராடுங்கறார், மாமியார் பையன் மேதைங்கறாங்க. யார் சொல்றது சரி?
(வாசகி, ஜீவன் பீமா நகர், பெங்களூர். பேர் போட வேணாம்னு கேட்டிருக்காங்க.)

பதில்: ரெண்டு பேருமே அவசரப்படுறாங்கம்மா. 32 வயசுப் பையன் 1989ல இறால் பத்தி எழுத வழியே இல்ல, அதுலயே பாதி பதில் வந்துடுச்சு. உங்க தம்பி பையன் தேடினது பேரை, ஆளை இல்ல. நம்ம ஊர்ல ஒரு இனிஷியல், ஒரு பேர், அவ்வளவுதான் முழுப்பேரே, அதனால எஸ். குமார், ஆர். ரமேஷ், கே. செந்தில்னு தேடினா கோயமுத்தூர் சிவில் இன்ஜினியர், தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி ஆசிரியர், வேலூர் டாக்டர், மதுரை தமிழ்ப் பேராசிரியர் எல்லாரும் ஒரே வரிசையில வந்து நிப்பாங்க. மருத்துவ ஆராய்ச்சி தேடுற பப்மெட்லயே 2002க்கு முன்னாடி கடைசிப் பேரும் இனிஷியலும் மட்டும்தான் ஏத்துவாங்க, முழுப்பேர் கிடையாது. கம்ப்யூட்டருக்கு எழுத்துதான் தெரியும், ஆள் தெரியாது.

சரி, எப்படிப் பிரிச்சுப் பார்க்குறதுன்னா, முதல்ல ஸ்காலர்ல தேடல் பக்கம் வேற, ஒருத்தர் தானே அக்கவுண்ட் போட்டு வச்சிருக்குற ப்ரொஃபைல் பக்கம் வேற. தேடல்ல வர்றது யார் யாரோ எழுதினது. ப்ரொஃபைல் இருந்தா அதுல எந்த நிறுவனத்து ஈமெயில் வச்சு சரிபார்த்திருக்குன்னு பேருக்குக் கீழயே போட்டிருக்கும், அது பையன் சொன்ன இடத்தோட ஒத்துப்போகுதா பாருங்க. அப்புறம் ரெண்டு மூணு பேப்பரைத் திறந்து பேருக்குக் கீழ என்ன காலேஜ், என்ன டிபார்ட்மெண்ட், கூட எழுதினவங்க யாருன்னு பாருங்க. பிஎச்டி கைடு பேரு திரும்பத் திரும்ப வரும், அதுதான் நல்ல அடையாளம். தீசிஸ், அதாவது பிஎச்டிக்கு எழுதின ஆய்வேடு வேணும்னா சோத்கங்கான்னு ஒரு சைட்ல நம்ம நாட்டு யுனிவர்சிட்டி தீசிஸ் நிறைய இருக்கு, ஐஐஎஸ்சியில, அதாவது நம்ம இந்திய அறிவியல் கழகத்துல பண்ணியிருந்தா அவங்க லைப்ரரி சைட்டே போதும்.

ஒண்ணு மட்டும் கவனிங்க. ஸ்காலர் ப்ரொஃபைல்ல பேப்பரைத் தானா சேர்த்துக்கோன்னு ஒரு செட்டிங் இருக்கு, அதை விட்டுட்டா ஊர்ல உள்ள அதே பேர்க்காரங்க பேப்பர் எல்லாம் உள்ள வந்து உக்காந்துக்கும். எச்-இண்டெக்ஸ்னு ஒரு கணக்கு, 2005ல ஹிர்ஷ்னு ஒரு இயற்பியல்காரர் சொன்னது, குறைஞ்சது பத்து தடவை மத்தவங்க மேற்கோள் காட்டின பேப்பர் பத்து இருந்தா எச்-இண்டெக்ஸ் பத்து. அடுத்தவங்க பேப்பர் சேர்ந்தா அது சும்மாவே ஏறும். கவனிக்காம விட்டா அது சோம்பேறித்தனம், மன்னிச்சுடலாம். தெரிஞ்சே விட்டு வச்சு அந்த நம்பரை பயோடேட்டாவுல போட்டா எனக்கு அது திருட்டுதான். அதனால பையன்கிட்ட சும்மா பேச்சுவாக்குல கேளுங்க, "தம்பி, இறால் பேப்பர் நீங்க எழுதினதா?"ன்னு. சிரிச்சுக்கிட்டே "ஐயோ அது நான் இல்லைங்க"ன்னா ஜாதகத்தை மேல கொண்டு போகலாம்.

கேள்வி: ஒரு சண்டையைத் தீர்த்து வைங்க. மேக்ரி சர்க்கிள் கிட்ட இருக்குற ராமன் ஆராய்ச்சி நிலையத்துல நோபல் வாங்கின எஸ். சந்திரசேகர் வேலை பார்த்தார்னு நான் சொன்னேன், இல்லவே இல்லங்கறான் பேரன். நான் அந்தப் பக்கம் வேலை பார்த்த காலத்துல அவர் பேரை எத்தனையோ தடவை கேட்டிருக்கேன்.
(ஓய்வு பெற்ற தொழிலாளி, அல்சூர்)

பதில்: பெரியவரே, நீங்க கேட்ட பேர் சரி, ஆனா பேரன் சொல்றதும் சரி. எஸ். சந்திரசேகர் ரெண்டு பேர். ரெண்டு பேருக்குமே சர் சி.வி. ராமன் சொந்த மாமன் சித்தப்பா முறை, இதை விட குழப்பம் வேணும்னா நாமளே உக்காந்து யோசிச்சாலும் வராது.

நோபல் வாங்கினவர் சுப்ரமணியன் சந்திரசேகர், ராமனோட அண்ணன் மகன், 1910ல லாகூர்ல பொறந்தவர். சூரியனை மாதிரி சுமார் 1.4 மடங்குக்கு மேல எடை இருந்தா ஒரு நட்சத்திரம் வெள்ளைக் குள்ளனா, அதாவது எரிஞ்சு முடிஞ்சு சுருங்கின மிச்சமா நிலைச்சு நிக்க முடியாதுன்னு கணக்குப் போட்டவர். 1937ல சிகாகோ யுனிவர்சிட்டி போனவர் 1995ல சாகுற வரைக்கும் அங்கதான். நோபல் 1983ல.

பெங்களூர்க்காரர் சிவராமகிருஷ்ண சந்திரசேகர், ராமனோட சகோதரி மகன், 1930ல கல்கத்தாவுல பொறந்தவர். இவருக்கு நட்சத்திரம் இல்ல, லிக்விட் கிறிஸ்டல், அதாவது திரவமா ஓடிக்கிட்டே படிகம் மாதிரி ஒழுங்கும் காட்டுற பொருள். 1971ல ராமன் நிலையத்துக்கு வந்து அதுக்குன்னு ஒரு லேப் போட்டார். அதுவரைக்கும் குச்சி மாதிரி நீளமான மூலக்கூறுதான் லிக்விட் கிறிஸ்டல் ஆகும்னு எல்லாரும் நெனச்சிட்டு இருந்தாங்க, 1977ல இவரும் கூட இருந்த சதாசிவா, சுரேஷ் ரெண்டு பேரும் தட்டு மாதிரி இருக்குற மூலக்கூறும் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி நின்னு லிக்விட் கிறிஸ்டல் ஆகும்னு காட்டினாங்க. இதை வெளிநாட்டு ஜர்னலுக்கு அனுப்பாம நம்ம பெங்களூர்ல இருந்து வர்ற பிரமாணாவுலதான் போட்டாங்க, அது ஒரு கெத்துதான் சொல்லணும். அந்தத் தட்டு வகை மூலக்கூறு பூசின ஃபிலிம் வந்த பிறகுதான் நிறைய எல்சிடி ஸ்கிரீனைப் பக்கவாட்டுல இருந்தும் ஒழுங்காப் பார்க்க முடிஞ்சது. பெங்களூர்லயே லிக்விட் கிறிஸ்டலுக்குன்னு தனி ஆராய்ச்சி மையமும் ஆரம்பிச்சார், 2004ல காலமானார். நீங்க காதால கேட்டது இவர் பேரைத்தான். இவரைப் பத்தி இந்த ஊர்லயே ரொம்பப் பேருக்குத் தெரியாதுங்கறது எனக்கு ஒரு வருத்தம்.

பேரன்கிட்ட ஜெயிக்கணும்னா மூணாவது ஒருத்தரையும் இறக்குங்க. ஸ்ரீபதி சந்திரசேகர்னு ஒரு மக்கள்தொகை நிபுணர், அவரும் எஸ். சந்திரசேகர்தான். 1967ல இந்திரா காந்தி அமைச்சரவையில சுகாதாரம், குடும்பக் கட்டுப்பாடு பார்த்தவர். பழைய லைப்ரரி கார்டு ட்ராயரை இழுத்தா நட்சத்திரம், லிக்விட் கிறிஸ்டல், ஜனத்தொகைன்னு மூணும் பக்கம் பக்கமா இருந்திருக்கும்.

கேள்வி: அப்போ சம்பந்தமே இல்லாத துறைகள்ல ஒரே பேர்ல பேப்பர் இருந்தா அது வேற வேற ஆளுன்னு கண்ணை மூடிட்டு முடிவு பண்ணிடலாமா?
(எம்எஸ்சி மாணவர், ஜிகேவிகே வளாகம்)

பதில்: அங்கதான் மாட்டிக்குவீங்க தம்பி. நீங்க விவசாய யுனிவர்சிட்டியில படிக்கறீங்க, குரோமோசோம்ல ஜீன்கள் எங்கெங்க இருக்குன்னு மேப் போடும்போது தூரத்தைக் கணக்கிட கோசாம்பி ஃபங்ஷன்னு ஒரு ஃபார்முலா யூஸ் பண்ணியிருப்பீங்களே, அதை 1944ல கொடுத்தவர் டி.டி. கோசாம்பி. அவர் அடிப்படையில கணக்கு வாத்தியார், வடிவியல் ஆராய்ச்சி, பிற்பாடு மும்பை டாடா இன்ஸ்டிட்யூட்ல இருந்தவர். பழைய முத்திரைக் காசை எடை போட்டு, எவ்வளவு காலம் புழக்கத்துல தேஞ்சிருக்கும்னு புள்ளியியல் வச்சு வரலாறு பார்த்தவரும் அவரே. பர்த்ருஹரியோட சமஸ்கிருதச் செய்யுளைச் சுவடி சுவடியா ஒப்பிட்டுப் பதிப்பிச்சவரும் அவரே, 1956ல இந்திய வரலாறு பத்தி எழுதி அந்தத் துறையையே ஒரு உலுக்கு உலுக்கினவரும் அவரே. கம்ப்யூட்டர்கிட்ட கொடுத்தா நிச்சயமா நாலு ஆளுன்னு பிரிச்சுடும்.

இதுலயும் ஒரு வில்லங்கம் இருக்கு. பாலி மொழி, பௌத்தம்னு டி.டி. கோசாம்பி பேர்ல இருக்குறதுல நிறைய அவர் எழுதினது இல்ல, அவங்க அப்பா எழுதினது! அப்பா தர்மானந்த் தாமோதர், பையன் தாமோதர் தர்மானந்த், தாத்தா பேரைப் பேரனுக்கு வச்சதால இனிஷியல் ரெண்டு பேருக்கும் டி.டி. பத்தாததுக்கு பையன் சில கணக்குப் பேப்பரை எஸ். டுக்ரேன்னு புனைபேர்ல வேற போட்டார். ஒரே பேர்ல ரெண்டு ஆளு, ஒரே ஆளுக்கு ரெண்டு பேரு, ரெண்டும் ஒரே குடும்பத்துல.

துறை மாறுறதும் சகஜம்தான். வெங்கி ராமகிருஷ்ணன் 1976ல பிஎச்டி வாங்கினது இயற்பியல்ல, அப்புறம் உயிரியல் பக்கம் போனார், செல்லுக்குள்ள புரதம் தயாரிக்குற ரைபோசோம் பத்தின ஆராய்ச்சிக்காக 2009ல கிடைச்ச நோபல் வேதியியல்ல. அதனால துறையை வச்சு சந்தேகம் மட்டும் படுங்க, முடிவு பண்றதுக்கு எந்த வருஷம், எந்த நிறுவனம், கூட எழுதினது யாரு, தன்னோட பழைய பேப்பரையே மேற்கோள் காட்டுறாரா, இதெல்லாம் பாருங்க. கடைசியில சொன்னது ரொம்ப உபயோகம், மனுஷன் தான் எழுதினதை மறக்கவே மாட்டான்.

கேள்வி: அண்ணா, என் முதல் பேப்பர் அக்செப்ட் ஆகப் போகுது. சர்டிஃபிகேட்ல ஆர். கவிதா மாதிரி இனிஷியல் + பேர்தான், ஜர்னல் ஃபார்ம்ல ஃபர்ஸ்ட் நேம் லாஸ்ட் நேம் ரெண்டும் கட்டாயம்ங்குது. என்ன போடறது?
(ஆராய்ச்சி மாணவி, மல்லேஸ்வரம்)

பதில்: வாழ்த்துகள்மா! நீ சொன்ன ஆர். கவிதாவையே வச்சுக்குவோம், ஆர் ராமசாமின்னு வச்சுக்கோ. லாஸ்ட் நேம்ல ராமசாமின்னு போட்டா உலகம் பூரா ராமசாமி கே.ன்னுதான் மேற்கோள் காட்டுவாங்க, நாலு வருஷம் ராத்திரி பகலா லேப்ல கிடந்தது நீ, பேரு அப்பாவுக்கு. வெறும் ஆர் மட்டும் போட்டா ஆர், கே.ன்னு ரெண்டு எழுத்தாத்தான் நிக்கும், கவிதா காணாமலே போயிடுவா. மேல சொன்ன வெங்கிக்கே ராமகிருஷ்ணன்ங்கறது அப்பா பேருதான், அப்பா சி.வி. ராமகிருஷ்ணனும் பரோடாவுல உயிர்வேதியியல் பேராசிரியர், அப்போ பேப்பர்ல ராமகிருஷ்ணன்னு பார்த்தா யாருன்னு எடுத்துக்கறது?

என் கருத்து, உன் பேரை லாஸ்ட் நேம்ல போடு, அப்பா பேரை முழுசா ஃபர்ஸ்ட் நேம்ல போடு. அச்சுல ராமசாமி கவிதான்னு வரும், மேற்கோள்ல கவிதா ஆர்., நம்ம வழக்கப்படி ரொம்ப சரியாவே இருக்கும். பாஸ்போர்ட்ல வேற மாதிரி இருந்தா கான்ஃபரன்ஸ் விசாவுக்கு ஒரு விளக்கக் கடிதம் கேட்பாங்க, அது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல. எதைப் போட்டாலும் கடைசி வரைக்கும் அதையே போடு, கல்யாணம் ஆனதும் நடுவுல மாத்தாதே.

கூடவே ஆர்கிட் ஐடின்னு ஆராய்ச்சியாளருக்குன்னே தர்ற அடையாள நம்பர் ஒண்ணு இன்னிக்கே எடுத்துடு. 2012 அக்டோபர்ல ஆரம்பிச்சது, காசு கிடையாது, 16 இலக்க நம்பர், சிலருக்குக் கடைசியில நம்பருக்குப் பதிலா எக்ஸ் வரும், பயந்துடாதே, அது நம்பர் தப்பா அடிச்சா கண்டுபிடிக்குற செக் இலக்கம். பேர் ஆயிரம் பேருக்கு ஒண்ணா இருக்கலாம், அந்த நம்பர் உனக்கு மட்டும்தான். வேற எழுத்துக்கூட்டல்ல உன் பேர் வந்திருந்தா அதையும் அங்க சேர்த்து வைக்கலாம். ஆனா அது தானா எல்லாத்தையும் சரி பண்ணிடாது, பேப்பர் அனுப்பும்போது நீதான் மறக்காம இணைக்கணும். பேப்பர்களையும் மேற்கோள்களையும் தொகுத்து வைக்குற ஸ்கோபஸ் சைட் உன்னை ரெண்டா உடைச்சு வச்சிருந்தா சேர்க்கச் சொல்லிக் கேக்க அவங்க சைட்லயே வழி இருக்கு. இத்தனையும் பண்ண வேண்டியிருக்குறது உன் தப்பு இல்ல, குடும்பப் பேர் எல்லாருக்கும் இருக்கும்னு எவனோ நெனச்சு ஃபார்ம் போட்டுட்டான், சுமை நம்ம தலையில.

கேள்வி: ஒரே பேர்ங்கறதுக்காகவே ஒண்ணா சேர்ந்து பேப்பர் எழுதினவங்க உண்டா?
(வாசகர், ஸ்ரீராமபுரம்)

பதில்: உண்டு! குட்மேன்ங்கற குடும்பப் பேர் உள்ள நாலு பொருளாதார ஆராய்ச்சியாளர்கள், ஒருத்தருக்கொருத்தர் சொந்தம் இல்ல, 2015ல ஒரு பேப்பர் போட்டாங்க. தலைப்பே ஒரே குடும்பப் பேர் உள்ளவங்க சேர்ந்து எழுதுறது பத்திதான். நம்மாளுங்க நாலு செந்தில்குமார் சேர்ந்து ஒண்ணு போட்டா நானே ட்ரீட் வைக்குறேன்.

கேள்வி: நான் எலக்ட்ரானிக் சிட்டியில ஐடி வேலை. என் பேர்லயே கால்நடை டாக்டர் ஒருத்தர் இருப்பார் போல, ஆட்டு நோய் பத்தின பேப்பரை ரிவ்யூ பண்ணி, அதாவது ஜர்னல்ல போடலாமான்னு படிச்சுப் பார்த்து கருத்து குடுங்கன்னு எனக்கு மெயில் வந்துட்டே இருக்கு. கண்டுக்காம விட்டுடலாமா?
(வாசகர், எலக்ட்ரானிக் சிட்டி)

பதில்: விடாதீங்க. அந்தப் பக்கம் யாரோ ஒரு மாணவர் பேப்பரை அனுப்பிட்டு மாசக்கணக்கா காத்துட்டு இருப்பார், நீங்க பதில் போடாத ஒவ்வொரு வாரமும் அவருக்குத்தான் தாமதம். முதல்ல அது உண்மையான ஜர்னலான்னு பாருங்க, பணம் பறிக்குற போலி ஜர்னல்களும் இப்படித்தான் கண்ட பேருக்கெல்லாம் மெயில் அடிக்கும், லிங்கை அமுக்காம ஜர்னல் சைட்டுக்கு நேரா போய் ஆசிரியர் குழு, முகவரியெல்லாம் பார்த்துக்கோங்க. உண்மையானதா இருந்தா எடிட்டருக்கு ரெண்டு வரி எழுதுங்க, நான் அவர் இல்ல, என் மெயிலை உங்க லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டு சரியான டாக்டரைப் பிடிங்கன்னு. தப்பித் தவறி அக்செப்ட் பட்டனை மட்டும் அமுக்கிடாதீங்க, அப்புறம் ரிமைண்டர் மெயில் வாராவாரம் வரும்.