பூச்சி மருந்து கொடுத்தும் ஆடு வெளுப்பது ஏன்?

கேள்வி: சுங்கை சிப்புட் அருகே செம்பனைத் தோட்டத்தில் 18 ஆடுகள் மேய்க்கிறேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றுக்கும் ஐவர்மெக்டின் கொடுக்கிறேன். ஆனாலும் தாடை வீங்குகிறது, இமை வெளுக்கிறது. குட்டி ஈன்றவைதான் அதிகம் வாடுகின்றன. மருந்து நரம்பைத் தாக்கும் என்கிறார்களே, புழு ஏன் சாகவில்லை?

பதில்: ஐயா, நீங்கள் சொல்லும் அடையாளங்கள் ஹெமாங்கஸ் என்ற இரத்தம் குடிக்கும் வயிற்றுப்புழுவையே காட்டுகின்றன. ஒரு பெண் புழு நாளொன்றுக்கு 5,000 முட்டைக்கு மேல் இடும்.

நரம்பைத் தாக்கும் என்று கேள்விப்பட்டது சரிதான். புழுவின் தொண்டைத் தசையில் குளூட்டமேட் என்ற நரம்புச் செய்திப்பொருள் திறக்கும் வாயில்கள் உண்டு. ஐவர்மெக்டின் அவற்றை மூடவிடாமல் பிடித்துக்கொள்ளும். தொண்டை ஓய்ந்து புழு பட்டினி கிடக்கும். ஆட்டுக்கு அந்த வாயிலே கிடையாது. லெவாமிசோல் என்ற இன்னொரு புழு மருந்து வேறு வழியில் போகிறது: அசிட்டைல்கோலின் என்ற வேறொரு நரம்புச் செய்திப்பொருளைப் போல நடித்துத் தசையை விறைக்க வைக்கும். அல்பெண்டசோல் என்ற மருந்துக்கும் நரம்புக்கும் சம்பந்தமில்லை. ஒரே மருந்தை எல்லா ஆட்டுக்கும் ஓயாமல் கொடுத்தால், அதற்கு மசியாத புழு மட்டும் மிஞ்சிப் பெருகும். உங்கள் கொட்டகையில் நடந்தது இதுவாகவே இருக்கும்.

புழுவுக்கும் ஹார்மோன் உண்டு என்பதைப் பலர் நம்புவதில்லை. புல்லில் காத்திருக்கும் மூன்றாம் பருவ இளம்புழு ஒன்றும் தின்னாது; பழைய தோலையே போர்வையாகப் போர்த்திக்கொண்டு, சேமித்த கொழுப்பில் உயிர் வாழும். ஆட்டின் வயிற்றில் கரியமில வாயு பட்டதும் போர்வையைக் கழற்றும். பிறகு டாஃபக்ரோனிக் அமிலம் என்ற ஹார்மோன் அதை மேலும் வளரத் தூண்டும். அந்த ஹார்மோனுக்கு வேண்டிய கொலஸ்ட்ரால் வகைப் பொருளைப் புழுவால் சொந்தமாகச் செய்ய முடியாது. ஆட்டிடம் வாங்கித்தான் ஆக வேண்டும்!

கடையில் இந்த ஹார்மோனைத் தடுக்கும் மருந்தைத் தேடாதீர்கள். புல்லில் காத்திருக்கும் இளம்புழு சேமித்த கொழுப்பில்தான் நமக்குப் பிடி கிடைக்கிறது. நம் வெயிலிலும் மழையிலும் அது விரைவில் தீரும். சில வாரங்களில் பெரும்பாலான இளம்புழுக்கள் மடியும். மேய்ச்சலைப் பத்துப் பகுதியாக்கி, ஒன்றில் மூன்று நான்கு நாள் மட்டும் மேய்த்து, திரும்பி வர ஒரு மாதத்துக்கு மேல் விடுங்கள். முட்டை இளம்புழுவாக ஏறக்குறைய ஒரு வாரம் ஆவதால், அதற்குள் ஆடு நகர்ந்துவிடும்.

ஈன்ற ஆடுகளின் கதை வேறு. பிரசவத்தை ஒட்டி அவற்றின் எதிர்ப்புச் சக்தி தளர்கிறது, புழு அதிக முட்டை இடுகிறது. பால் சுரக்க வைக்கும் புரொலாக்டின் என்ற ஹார்மோன் மீது பழி போடுபவர்கள் உண்டு. என் கண்ணுக்குத் தீனிக் குறைவுதான் முதலில் படுகிறது. ஈனுவதற்குச் சில வாரம் முன்பிருந்தே செம்பனைப் பருப்புப் புண்ணாக்குச் சேர்த்துக் கொடுங்கள். செம்மறி இருந்தால் அதன் பக்கம் போகவிடாதீர்கள், புண்ணாக்கிலுள்ள செம்பு அவற்றைக் கொல்லும்.

இனி கீழ் இமை வெளுத்த ஆட்டுக்கு மட்டும் மருந்து. வேறு வகை மருந்தும் அளவும் கால்நடை மருத்துவரைக் கேட்டே. ஆட்டின் உடல் மருந்தை விரைவாகக் கழிப்பதால் செம்மறி அளவு பல மருந்துகளில் போதாது. கொடுக்கும் முன்பும் 14 நாள் கழித்தும் சாணத்தில் முட்டையை எண்ணச் சொல்லுங்கள். 95 விழுக்காட்டுக்குக் குறைவாகக் குறைந்திருந்தால் அந்த மருந்தை ஒதுக்கிவைக்கலாம்.