மத்து, உழவுச்சால், ஒன்பது கட்டம்: குவில்ட் (ஒட்டுத் துணிப் போர்வை) கேள்வி பதில்

கேள்வி: அக்கா, குவில்ட்டில் லாக் கேபின் (மரக்குடில்) பிளாக்கின், அதாவது அந்தச் சதுரக் கட்டத்தின் நடுவில் ஏன் எப்போதும் சிவப்புச் சதுரம்?

எப்போதும் இல்லை, பெரும்பாலும். நடுச் சதுரம் வீட்டு அடுப்பு, சுற்றி அடுக்கும் பட்டைகள் மரக்கட்டைச் சுவர் என்பார்கள். அமெரிக்காவில் 1860களில், லிங்கன் காலத்தில் பரவிய பிளாக் இது. அவர் மரக்குடிலில் பிறந்தவர் என்பதால் பெயரும் ஒட்டிக்கொண்டது என்பார்கள். எனக்குப் பிடித்த விஷயம் வேறு. பிளாக்கில் பாதி வெளிர் நிறம், பாதி அடர் நிறம் அல்லவா? திருப்பித் திருப்பி வைத்தால் மூலைவாட்டில் வரிவரியாக ஓடும். அந்த அடுக்குக்கு ஸ்ட்ரெய்ட் ஃபர்ரோ என்று பெயர், அதாவது உழவுச்சால். அதே பிளாக்குகளை ஒன்றுக்குள் ஒன்றாக வைர வடிவில் அடுக்கினால் பார்ன் ரெய்சிங். ஊரே கூடி ஒருவருக்குக் களஞ்சியம் எழுப்பிக் கொடுக்கும் நாள் அது.

கேள்வி: சர்ன் டேஷ் என்றொரு பிளாக் இருக்கிறதே, அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம்?

மத்து! நம்முடையது சுழலும், அவர்களுடையது வெண்ணெய்ப் பீப்பாய்க்குள் மேலும் கீழும் இடிக்கும். இதே பிளாக்குக்கு மங்கி ரெஞ்ச், களஞ்சியக் கதவு ஓட்டை என்றெல்லாம் பெயர் உண்டு. அதனால் பெயரை வைத்துப் பழைய குவில்ட்டின் வயதைச் சொல்லாதீர்கள். துணியைப் பாருங்கள்.

கேள்வி: அடிமைகள் தப்பிச் செல்ல வழிகாட்டும் ரகசியக் குறியாகக் குவில்ட்டுகளைத் தொங்கவிட்டார்களாமே?

1999இல் வந்த ஒரு புத்தகத்தால் பிரபலமான கதை. வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. தப்பி வந்தவர்களே தங்கள் அனுபவத்தை நிறைய எழுதியிருக்கிறார்கள், அதில் இது இல்லை. கேட்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

கேள்வி: நம் பக்கத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய சிண்ட்ஸ் துணி. பருத்தியில் கையால் எழுதிய பூ, சாயவேர்ச் சிவப்பு. அந்த மோகத்தில் உள்ளூர் நெசவு படுத்துவிடும் என்று பயந்து, 1721இல் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்தவும் வீட்டில் விரிக்கவும் இங்கிலாந்து தடை போட்டது. 1774 வரை நீடித்தது. துணி அருமை என்பதால் பூக்களை மட்டும் கத்தரித்து வெள்ளைத் துணிமேல் தைத்தார்கள். ப்ரோடரி பெர்ஸ் என்பது அதுதான். பெயரில் பாரசீகம், துணி நம்முடையது!

கேள்வி: சனி, ஞாயிறுதான் எனக்கு நேரம். நைன் பேட்ச் (ஒன்பது கட்டப் பிளாக்) மாதிரியே தோட்டத்தில் பாத்தி போடலாமா?

தாராளமாக. 3 அடிக்கு 3 அடி, ஒன்பது கட்டம். மூலைகள் நான்கிலும் பீட்ரூட், கட்டத்துக்கு 9 செடி. பக்கங்களில் லெட்டூஸ், கட்டத்துக்கு 4. நடுவில் ஒரே ஒரு கத்தரிச் செடி. நான் முதலில் ஆசைப்பட்டு 6 அடி போட்டேன். நடுவே கை எட்டாமல், களை எடுக்கப் போய் மண்ணை மிதித்தே கெட்டியாக்கினேன். ஞாயிறு மாலை வைக்கோல் மூடாக்கு போட்டுவிட்டால் வாரநாளில் தண்ணீர் வேலை குறையும்.

கேள்வி: தோட்டத்துச் செண்டுமல்லியில் பருத்திக்குச் சாயம் ஏற்றினால் நிற்குமா?

படிகாரம் மட்டும் போட்டால் சரியாக நிற்காது. முதலில் கடுக்காய்த் தண்ணீரில் நனைத்துக் காயவையுங்கள். அப்புறம் படிகாரம், அப்புறம் பூ.