இயற்கையில் கணிதம் உண்மையிலேயே இருக்கிறதா, நாமாகப் பொருத்திப் பார்த்துக்கொள்கிறோமா?

இருக்கிறது. ஆனால் உங்களுக்குக் காட்டப்பட்ட இடத்தில் இல்லை என்பது என் ஊகம். நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், நாட்டிலஸ் என்ற கடலுயிரியின் சுருண்ட கூட்டின் மேல் செவ்வகங்களை அடுக்கி, அதில் பொன் விகிதம் (ஏறக்குறைய 1.618) இருப்பதாகக் காட்டும் ஏதோ ஒரு காணொளியைப் பார்த்திருக்கிறீர்கள். முதலில் வியந்து, பிறகு "எல்லாவற்றிலும் எப்படி ஒரே எண் வரும்?" என்று சந்தேகம் வந்திருக்கும். அந்தச் சந்தேகத்தை விட்டுவிடாதீர்கள். எனக்கு அது தாமதமாகத்தான் வந்தது. அதற்குள் ஒரு மாணவிக்கு அநியாயம் செய்துவிட்டேன்.

நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பள்ளியில் கணிதம் கற்பிக்கிறேன். ஒரு முறை ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு செயல்திட்டம் கொடுத்தேன். காய்ந்த சூரியகாந்தித் தட்டில் விதைகள் அமைந்திருக்கும் சுருள்களை எண்ணி எழுதி வர வேண்டும். விடை எனக்கு முன்பே தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். 1, 1, 2, 3, 5, 8, 13, 21, 34, 55 என்று, முந்தைய இரண்டையும் கூட்டினால் அடுத்தது வரும் ஃபிபனாச்சி வரிசையில் பக்கத்துப் பக்கத்து எண்கள் இரண்டு வரும். ஒரு பக்கம் சுழல்பவை 34 என்றால் மறுபக்கம் சுழல்பவை 55. பிள்ளைகளும் அப்படியே எழுதி வந்தார்கள். ஒருத்தி மட்டும் 29, 47 என்று எழுதியிருந்தாள்.

நான் யோசிக்கவே இல்லை. இரண்டு எண்களையும் சிவப்பு மையால் சுழித்து, "கவனமாக எண்ணவும்" என்று எழுதி, பத்துக்கு நான்கு போட்டேன். மாலையில் ஆசிரியர் அறைக்கு வந்து நின்றாள். "மூன்று தடவை எண்ணினேன் டீச்சர். தட்டைக் கொண்டுவந்திருக்கிறேன், நீங்களே பாருங்கள்" என்றாள். சத்தமாகப் பேசாத பெண். செய்தித்தாளில் சுற்றிய தட்டை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அன்றிரவு சும்மா பார்க்கலாம் என்றுதான் பிரித்தேன். விதைகளின் தலையில் ஒட்டியிருந்த காய்ந்த சிறுமலர்களைக் கட்டைவிரலால் தேய்த்தால் பொடியாக உதிர்ந்துவிடும். அடியில் கறுப்பு விதைகள் நெருக்கமாக, கோடு பிடித்தாற்போல் தெரியும். கறுப்பில் மை தெரியாது. அவள் ஒயிட்னரால் ஒவ்வொரு சுருளின் வெளி முனையிலும் ஒரு புள்ளி வைத்திருந்தாள். தொடங்கிய இடத்தில் ஒரு குண்டூசி. பத்தாவது சுருளுக்கெல்லாம் இரட்டைப் புள்ளி. எண்ணிக்கை தவறக் கூடாது என்று ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை எடுத்துக்கொண்ட கவனம் அது. நான் அந்தப் புள்ளிகளை நம்பாமல், வேறு இடத்தில் ஊசி குத்தி, என் கணக்கில் எண்ணினேன். 29. திருப்பி எண்ணினேன். 29. எதிர்ப்பக்கம் 47.

அதைவிட என்னை உலுக்கியது மறுநாள்தான். 34, 55 என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கிய ஒருவனைத் தனியாகக் கேட்டேன். "பாதியில் குழம்பிவிட்டது டீச்சர், அப்புறம் நீங்கள் வகுப்பில் சொன்னதை எழுதிவிட்டேன்" என்றான். எண்ணாதவனுக்குப் பத்து. எண்ணியவளுக்கு நான்கு. போட்ட கை என் கை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். 29, 47 என்பவை வழிதவறிய எண்கள் அல்ல. 1, 3, 4, 7, 11, 18, 29, 47 என்று போகும் லூகாஸ் வரிசையின் எண்கள். இங்கும் விதி அதேதான், முந்தைய இரண்டையும் கூட்டு. தொடக்கம் மட்டும்தான் வேறு. ஃபிபனாச்சி எண்கள் பூவுக்குள் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன என்று நினைத்தால் இது புரியவே புரியாது. பூவுக்கு எண் தெரியாது. வளரும் நுனியில் அடுத்த அரும்பு, ஏற்கெனவே உள்ளவற்றுக்கு நடுவே எங்கே இடம் அதிகமோ அங்கே முளைக்கிறது. 1868இல் ஹாஃப்மைஸ்டர் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் சொன்ன விதி இது. இதன்படி போகும்போது, ஓர் அரும்புக்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள கோணம் பெரும்பாலும் 137.5 பாகையை ஒட்டி வந்து நிற்கிறது.

ஏன் அந்தக் கோணம் என்று கேட்டால் ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு புள்ளியையும் 120 பாகை திருப்பி வைத்துக்கொண்டே போனால் மூன்றே கோடுகளில் புள்ளிகள் குவியும், நடுவில் எல்லாம் வெற்றிடம். 90 என்றால் நான்கு கோடுகள். முழுச் சுற்றின் எந்த எளிய பின்னத்தை எடுத்தாலும் இதே கதிதான். எந்தப் பின்னத்துக்கும் எளிதில் நெருங்கிவராத கோணம் வேண்டும். அப்படிப்பட்டது, முழுச் சுற்றைப் பொன் விகிதத்தில் இரண்டாகப் பிரித்தால் கிடைக்கும் சிறிய பங்கான 137.5. இனி 34ஐப் பாருங்கள். 34 முறை திருப்பினால் 13 முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 4.7 பாகை குறைகிறது. 55 முறை திருப்பினால் 21 முழுச் சுற்றைவிட ஏறக்குறைய 2.9 பாகை கூடுகிறது. ஆகவே ஒரு விதைக்குப் பக்கத்தில், சற்றுப் பின்தங்கி 34ஆவது விதையும், சற்று முந்தி 55ஆவது விதையும் வந்து உட்காருகின்றன. ஒரு கூட்டம் இடப்பக்கமும் மறு கூட்டம் வலப்பக்கமும் சுழல்வது இதனால்தான். கணக்கைப் போட்டு முடித்ததும் எனக்குக் கண் கலங்கியது, மறைக்க ஒன்றுமில்லை.

என் மாணவியின் பூவில் தொடக்கத்தில் அரும்புகள் வேறு மாதிரி அமைந்திருக்க வேண்டும். அப்போது கோணம் 99.5 பாகை அளவில் நின்றுவிடும், எண்கள் 29, 47 என்று வரும். செடியே இல்லாமலும் இதைக் காட்டியிருக்கிறார்கள். 1992இல் தூவாடி, கூடேர் என்ற இரு பிரெஞ்சு இயற்பியலாளர்கள், எண்ணெய்த் தட்டின் நடுவில் காந்தத் திரவத்தைத் துளித்துளியாக விட்டார்கள். துளிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விலகிப் போய், தாமாகவே இதே சுருள்களில் அமர்ந்தன.

குறில், நெடில் தெரிந்த நமக்கு ஃபிபனாச்சி எண்களுக்கு வந்துசேர இன்னொரு வழியும் உண்டு. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. நான்கு மாத்திரையை ஐந்து விதமாக நிரப்பலாம், ஐந்து மாத்திரையை எட்டு விதமாக. கடைசி எழுத்து குறிலா நெடிலா என்று பிரித்தால் முந்தைய இரண்டின் கூட்டல் தானாக வந்துவிடும். ஃபிபனாச்சியின் நூல் வந்தது 1202இல். சமண அறிஞர் ஹேமச்சந்திரர் யாப்பிலக்கணத்தில் இந்த எண்களைச் சொன்னது அதற்கும் முன்பு.

இதைப் படித்துவிட்டு யாராவது "நீ தாவரவியல் படித்தவளா? ஒரு பூவை வைத்துக்கொண்டு பேசுகிறாயே" என்று சண்டைக்கு வரலாம். தாவரவியல் படிக்கவில்லை. ஒரு பூவை வைத்தும் பேசவில்லை. கணினி அறிவியலின் முன்னோடியான ஆலன் டூரிங் தம் கடைசி ஆண்டுகளில் இந்தச் சுருள்களில்தான் மூழ்கியிருந்தார். அவருடைய நூற்றாண்டான 2012இல், மான்செஸ்டர் அருங்காட்சியகம் ஒன்றின் அழைப்பை ஏற்றுப் பொதுமக்கள் சூரியகாந்தி வளர்த்து எண்ணினார்கள். 657 பூத்தட்டுகளின் முடிவு 2016இல் வெளியானது. பெரும்பாலானவை ஃபிபனாச்சி. ஆனால் லூகாஸ் எண்களும் இருந்தன, எந்த வரிசையிலும் சேராதவையும் இருந்தன. அதைப் படித்த அன்று என் மாணவியைத்தான் நினைத்துக்கொண்டேன்.

மதிப்பெண்ணை மாற்றிக் கொடுத்தேன், வகுப்பின் முன்னால் மன்னிப்பும் கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதற்குப் பின் எண்ணும் வேலை எல்லாவற்றையும் வகுப்பிலேயே செய்யலாம் என்று கணித ஆய்வகத்தின் அலமாரிச் சாவியைக் கேட்டால், கிடைக்கவில்லை. பொருள் உடைந்தால் ஆசிரியர் பொறுப்பு என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். கோணமானிகளும் உருப்பெருக்கிக் கண்ணாடிகளும் உறை பிரிக்காமல் உள்ளே கிடக்கின்றன. பள்ளியை ஆய்வு செய்ய வரும் அதிகாரிகளுக்கு மட்டும் அலமாரி திறக்கும். பிள்ளைகள் கை படாத பொருளை எதற்கு வாங்கினார்கள்? கேட்டால், "பாடத்தை முடித்துவிட்டீர்களா?" என்று என்னையே திருப்பிக் கேட்கிறார்கள். கேள்விக்குத் தொடர்பில்லாததுதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நாட்டிலஸ் கூட்டை மறக்கவில்லை. அது ஒவ்வொரு சுற்றிலும் ஒரே மடங்கில் விரியும் அழகான மடக்கைச் சுருள்தான், பொன் விகிதத்தின்படி விரியும் பொன் சுருள் அல்ல. பொன் சுருள் ஒரு முழுச் சுற்றில் ஏறக்குறைய 6.85 மடங்கு விரிய வேண்டும். இந்தக் கூடு மூன்று மடங்கு அளவில்தான் விரிகிறது. ஒரு படமும் அடிக்கோலும் போதும். எல்லாப் பூக்களின் இதழ்களும் ஃபிபனாச்சி எண்ணில்தான் இருக்கும் என்பார்கள். கடுகுக் குடும்பத்துப் பூக்களுக்கு நான்கு இதழ்கள். ஏ4 தாளில் பொன் விகிதம் இருக்கிறது என்று சொல்பவர்களையும் பார்த்திருக்கிறேன். 297ஐ 210ஆல் வகுத்தால் 1.414, அது இரண்டின் வர்க்கமூலம். பாதியாக மடித்தாலும் அதே வடிவம் வர வேண்டும் என்று மனிதர்கள் தேர்ந்தெடுத்த எண். இவற்றைச் சொல்வதால் நான் பொன் விகிதத்துக்கு விரோதி என்று நினைத்துவிடாதீர்கள். அது உண்மையில் வேலை செய்யும் இடத்தைத்தான் மேலே இவ்வளவு நேரம் எழுதினேன்.

சூரியகாந்தி கிடைக்காவிட்டால் பைன் மரத்துக் கூம்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். காம்புப் பக்கத்தை மேலே திருப்பி, ஒரு செதிலில் புள்ளி வைத்து, ஒரு பக்கச் சுருள்களை எண்ணி முடித்த பிறகு மறுபக்கம். பெரும்பாலும் 8, 13 வரும். 7, 11 வந்தால் புள்ளியை இடம் மாற்றி இன்னொரு தடவை எண்ணுங்கள். மறுபடியும் அதே எண்கள் வந்தால், ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். பத்துக்குப் பத்து.